இத்தாலி பாஷையில் பெண் கேட்டவன்

எங்கள் கருமத்தம்பட்டிப் பக்கம் வெளிநாடு போய்வந்தவர்களுக்குப் பஞ்சம் கிடையாது. தறி வாங்கப் போனவர்கள், துணி விற்கப் போனவர்கள், பேரன் பேத்திக்கு எண்ணெய் தேய்த்து ஊற்றப் போனவர்கள் என்று வீதிக்கு ஒருவர் இருப்பார். ஆனால் இத்தாலிக்காரர் வீட்டுக்குப் போய், அவருடைய பாஷையிலேயே பெண் கேட்டு, சம்மதம் வாங்கி, அதற்குப் பிறகு அங்கே கை நனைத்தவன் நான் ஒருவன்தான். பெருமை பேசுகிறான் என்பார்கள். பேசத்தான் போகிறேன். செய்தவன் சொல்லாவிட்டால் செய்யாதவனா வந்து சொல்வான்?

நான் படித்தது ஐந்தாவது. பிறகு தறிக்குடோன்தான் எனக்குப் பள்ளிக்கூடம். தார்க்குச்சியில் நூல் சுற்றினேன், தறி ஓட்டினேன், அப்புறம் சொந்தமாகத் தறி போட்டேன். விசைத்தறிக் குடோனுக்குள் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே காதுக்கு வேலை இல்லை. பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. நாலு தறி தள்ளி நிற்கிறவரின் உதட்டைப் பார்த்தே நூல் அறுந்துவிட்டதா, டீ வந்துவிட்டதா, முதலாளி உள்ளே வந்துவிட்டாரா என்று தெரிந்துகொள்வோம். மற்றவர்கள் பாஷையைக் காதால் படிக்கிறார்கள், நான் கண்ணால் படித்தேன். வெளிநாட்டுக்குப் போனபோது அந்தப் பழக்கம் என்னைக் கைவிடவே இல்லை.

பழைய தறி பார்க்க நாடு நாடாகப் போன காலத்தில் எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் மூன்று கேள்விகளைக் கற்றுக்கொள்வேன். சாப்பிட்டீங்களா, மழை உண்டா, எத்தனை குழந்தைகள். கூட வருகிறவர்கள் 'எவ்வளவு', 'எங்கே' என்று மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள். விலையைக் கேட்டால் விலையைத்தான் சொல்வார்கள். மழையைக் கேட்டால் நாற்காலி போடுவார்கள். துருக்கியில் ஒரு டீக்கடையில் 'யாமூர் வார் மா?' என்று மழையை விசாரித்தேன். கடைக்காரர் என் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்து, வானத்தைக் காட்டி, அந்த வருடம் பருத்தி காய்ந்துபோன கதையை முழுக்கக் கையாலேயே சொல்லி முடித்தார். சீனாவில் இன்னும் சுலபம். அங்கே பெரியவர்கள் பார்த்தவுடனே கேட்பது 'ச்சி ல மா', அதாவது சாப்பிட்டாச்சா. நம் ஊர்க்காரர்கள் எப்போதோ இங்கே வந்து குடியேறியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

எந்த பாஷையாக இருந்தாலும் கடைசியில் ஒரு 'ங்க' சேர்ந்துகொள்ளும். நான் சேர்ப்பதில்லை, வாய் சேர்த்துவிடுகிறது. பெரிய மனிதரைப் பார்த்து வெறும் 'புவோன் ஜோர்னோ' என்று சொல்ல எனக்கு மனம் வராது. 'புவோன் ஜோர்னோங்க' என்றால்தான் வணக்கம் சொன்னது போல் இருக்கும்.

இத்தாலிதான் எனக்கு மாமனார் வீடு மாதிரி ஆகிப்போனது. வடக்கே மலையடிவாரத்தில் மூடிப்போன ஒரு மில்லில் நாடா இல்லாமல் ஓடும் ரேப்பியர் தறிகளைக் கழற்றி எடுத்துவர அடிக்கடி போனேன். அங்கே ஒரு வயதான ஃபிட்டர் இருந்தார். எனக்கும் இங்கிலீஷ் தெரியாது, அவருக்கும் தெரியாது. அதுவே எங்களுக்குப் பெரிய வசதியாகப் போயிற்று. நடுவில் மூன்றாவது பாஷையின் தொந்தரவு இல்லாமல் நேரே பேசிக்கொண்டோம். தறி கழற்றுகிற வேலையில் பாதிப் பேச்சு 'ப்ரீமா', 'தோப்போ' என்பதுதான். ப்ரீமா என்றால் முதலில், தோப்போ என்றால் பிறகு. முதலில் இந்த போல்ட், பிறகு அந்த போல்ட். மாற்றிச் செய்தால் தறி தலையில் விழும். அந்த இரண்டு வார்த்தைகளும் எனக்கு எலும்பில் ஏறிவிட்டன.

ஒருநாள் எங்கள் வீட்டு எலுமிச்சை ஊறுகாயை அவருக்குக் கொடுத்தேன். ஆசையாக அள்ளித் தின்றார். மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, 'மால் தி ஸ்தோமாகோ' என்று முகத்தைச் சுளித்தார். வயிற்றுவலி. அந்த வார்த்தையும் அன்றைக்கு மனதில் தங்கிவிட்டது. அது என்றைக்கு உதவும் என்று அப்போது தெரியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மூத்த மகளைப் பக்கத்து ஊரிலேயே கட்டிக்கொடுத்திருந்தேன். மகன் கோயமுத்தூரில் இன்ஜினியரிங் முடித்து, மேல்படிப்புக்கு அதே இத்தாலிக்குப் போனான். படித்து முடித்து அங்கேயே வேலையில் சேர்ந்தான். கூட வேலை செய்கிற ஒரு பெண்ணைப் பிடித்துப்போயிற்று என்று போனில் சொன்னான். நான் மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன். கட்டிக்கொள், ஆனால் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்து குடோனைப் பார். இத்தனை தறியும் யாருக்காகப் போட்டேன்? அந்தப் பேச்சு வந்தாலே போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிடுவான். என் வீட்டுக்காரி இரண்டு பக்கமும் சமாதானம் பேசிச் சலித்துப்போனாள்.

அந்தப் பக்கமும் ஒரு முடிச்சு இருந்தது. பெண்ணின் அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்பா மனசார ஒப்புக்கொள்ளாமல் கல்யாணம் வேண்டாம் என்று அந்தப் பெண் உறுதியாக இருந்தாள். ஆக, அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு 'சி' வரவேண்டும். இத்தாலியில் ஆமாம் என்பதற்கு அந்த ஓர் எழுத்துதான். அது வராவிட்டால் என் மகனுக்குக் கல்யாணம் இல்லை.

"பொண்ணு கேட்டு நாம போறதுதான் முறை" என்று வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பேக்கரியில் டீ குடிக்கிற கூட்டத்தில், மகனையும் மருமகளையும் கையோடு கூட்டிவருவேன் என்று சொல்லிவிட்டும் வந்தேன்.

விமான நிலையத்துக்கு வந்த மகன் வழியெல்லாம் எனக்குப் புத்தி சொன்னான். பேசுவதெல்லாம் அவன் பேசிக்கொள்வானாம், நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதுமாம். அப்படியே ஏதாவது சொல்லவேண்டும் என்றால் போனில் தமிழில் பேசினால் அதுவே இத்தாலியில் சொல்லிவிடுமாம்.

"போனை வெச்சுப் பொண்ணு கேட்டா போனுக்குத்தாண்டா கண்ணு குடுப்பாங்க" என்றேன்.

வீடு மலையை ஒட்டிய கிராமத்தில் இருந்தது. பெண்ணின் அப்பா மாடு வைத்து, பாலில் சீஸ் செய்து விற்கிறவர். என்னைவிட உயரம், என்னைப் போலவே கை காய்ப்புக் காய்த்தவர். வாசலிலேயே ஆரம்பித்தேன். 'பியோவே?' மழை உண்டுங்களா? அவர் முகம் கொஞ்சம் இளகியது. மழையைப் பற்றி நிறையச் சொன்னார். பாதி புரிந்தது, மீதியை உதட்டில் பார்த்துக்கொண்டேன். எத்தனை மாடு, எவ்வளவு கறக்கும் என்று கேட்டேன். மாட்டுக்கொட்டிலுக்குக் கூட்டிப்போய் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் காட்டினார். என் மகன் பின்னால் வாயைத் திறந்தபடியே நடந்துவந்தான். அப்பன் இவ்வளவு பேசுவான் என்று அவனுக்குத் தெரியாது.

உள்ளே போனால் மேசை நிறையச் சாப்பாடு. பெண்ணின் அம்மா முந்தின நாளிலிருந்தே சமைத்திருக்கிறார். பூசணிக்காய் அடைத்த பண்டம் ஒன்று, காளான், சீஸ், ரொட்டி. நடுவில் ஒரு மரப்பலகை மேல் ஆவி பறக்க மஞ்சளாக ஒரு குன்று. மக்காச்சோளக் களி! விமானத்தில் கொடுத்ததை நான் தொடவில்லை. அந்தக் களியின் வாசனை என்னைக் கைப்பிடித்து இழுத்தது.

ஆனால் எங்கள் பக்கத்து முறை என்று ஒன்று இருக்கிறதே. பெண் கேட்டுப் போன வீட்டில் பேச்சு முடிவாகும்வரை கை நனைக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், அவ்வளவுதான். சம்மதம் சொன்ன பிறகு உட்கார்ந்து சாப்பிட்டால்தான் அது உறவுச் சாப்பாடு. அதற்கு முன்னால் சாப்பிட்டால் வழிப்போக்கன் சாப்பாடு. நான் நினைப்பதற்குள் பக்கத்தில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரி முழங்கையால் இடித்தாள்.

"ஏனுங்க, களியப் பார்த்துட்டு நாக்கத் தொங்கப்போட்றாதீங்க. பேசி முடியாம கை நனைச்சா நாளைக்குச் சொல்லிக்காட்டுவாங்க."

"இங்க எவன் வந்து பார்க்கப்போறான்?"

"நான் பார்க்கறேனில்லைங்க."

இரண்டு பேரும் தட்டைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். அந்த அம்மாள் பரிமாறினார், நான் கும்பிட்டேன். வேறொன்றைப் பரிமாறினார், மறுபடியும் கும்பிட்டேன். ஒரு கவளம்கூட நாங்கள் எடுக்காததைப் பார்த்து அவர் முகம் வாடிப்போயிற்று. எல்லாரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

என் மகனுக்கு வியர்த்தது. நம் முறையை விளக்கிச் சொல்ல வெட்கப்பட்டானோ, சொன்னால் காட்டுமிராண்டிகள் என்று நினைப்பார்கள் என்று பயந்தானோ, அவசரமாக ஒரு பொய் சொன்னான். 'மால் தி ஸ்தோமாகோ' என்று என்னைக் காட்டினான். எனக்குப் புரியாது என்று நினைத்துத்தான் சொன்னான். அந்த வார்த்தையை ஊறுகாய் கொடுத்துக் கற்றவன் நான்.

அந்தப் பொய்யால் வந்த வினை, அம்மாள் ஓடிப்போய் எனக்கு ஏதோ பூவைக் கொதிக்கவைத்த வெந்நீர் கொண்டுவந்தார். என் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். களி என் கண்ணெதிரில் தூரமாகப் போனது. பெண்ணின் அப்பா அந்தப் பொய்யை நம்பவில்லை. கொட்டிலில் மாட்டுக்கு மாடு எட்டுவைத்து நடந்தவனுக்கு வயிற்றுவலியா? எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். மகள் பின்னாலேயே போனாள். எங்களுக்குக் கேட்கக் கூடாது என்று அவர் சத்தமில்லாமல் அவளிடம் பேசினார். தறிக்குடோனில் வளர்ந்தவனிடமா சத்தமில்லாமல் பேசுவது! உதட்டைப் பார்த்தேன். 'நோன் வோலியோனோ.' அவர்களுக்கு விருப்பமில்லை. தறி விற்பவரும் வாங்குபவரும் நாள் முழுக்கச் சொல்லிக்கொள்கிற வேண்டும், வேண்டாம் வார்த்தை அது. அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது.

இனிமேல் மகனை நம்பிப் பயனில்லை என்று எழுந்தேன். அவன் என் சட்டையைப் பிடித்தான். தட்டிவிட்டேன்.

"ஸ்கூசிங்க" என்றேன், மன்னிக்கவேண்டும் என்று. வயிற்றைத் தட்டிக்காட்டி, வயிறு நன்றாக இருக்கிறது, பசி உயிர் போகிறது என்று அவர்கள் பாஷையில் சொன்னேன். அப்புறம் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தேன். என் ஊரில், மகனைப் பெற்றவன், மகளைப் பெற்றவர் வீட்டுக்கு வந்தால், "ப்ரீமா சி. தோப்போ மாஞ்ஜோ." முதலில் சம்மதம், பிறகுதான் சாப்பாடு.

தறி கழற்றக் கற்ற இரண்டு வார்த்தைகளும் அன்றைக்கு ஒரு கல்யாணத்தை நிமிர்த்தி நிறுத்தின.

அவர் ஜன்னலை விட்டுத் திரும்பினார். மனைவியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏ ஸே நோ?" என்றார். நான் இல்லை என்று சொன்னால்?

பசிதான், என்றேன். கோயமுத்தூர் வரைக்கும் பசி.

அம்மாள்தான் முதலில் சிரித்தார். பெண் அழுதுகொண்டே சிரித்தாள். அவரும் சிரித்தபடி வந்து என் எதிரில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை நாள் வாயைத் திறக்காததற்குக் காரணத்தை இரண்டே வார்த்தையில் சொன்னார். "இந்தியா. லொந்தானோ." தூரம். ஒரே மகள். என் நிபந்தனை அவர் காதுக்கும் போயிருக்கிறது.

தமிழாக இருந்திருந்தால் அந்த இடத்தில் பதில் சொல்ல என்னிடம் மூட்டை மூட்டையாகப் பேச்சு இருந்தது. குடோன், வாரிசு, நான் பட்ட பாடு, ஊரில் நாலு பேர், பேக்கரியில் சொல்லிவிட்டு வந்தது. இத்தாலியில் அதற்கெல்லாம் எனக்கு வார்த்தை கிடையாது. கையில் இருந்தவை மகன், மகள், வீடு, என், உன், இங்கே, அங்கே. அவ்வளவுதான். அதற்குள்தான் பேசவேண்டும். அந்த மனிதரோ என்னைப் போலவே பிள்ளை தூரமாகப் போய்விடுமோ என்று முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கொஞ்சம் வார்த்தைகளுக்குள் தேடிப்பார்த்தால் நேரான பதில் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது.

"மியோ ஃபீலியோ, தூவோ ஃபீலியோ. குவி."

என் மகன் உன் மகன். இங்கேயே இருக்கட்டும்.

என் மகன் "அப்பா" என்றான். அவனுக்கு எத்தனையோ தடவை தமிழில் நான் மறுத்ததை, என் வாயாலேயே இத்தாலியில் கேட்டுவிட்டான். சும்மா சொல்கிறேனோ என்று நீங்கள் நினைக்கலாம். நாக்கில் புதிய பாஷை ஏறினால் மனதில் புதிய இடம் திறக்கிறது. எனக்கு அன்றைக்குத் திறந்தது.

பெண்ணின் அப்பா மேசை டிராயரைத் திறந்து ஒரு பருத்தி நூலை எடுத்தார். அந்தப் பக்கம் களியைக் கத்தியால் வெட்டமாட்டார்கள், நூலால் அறுப்பார்களாம். நூலின் ஒரு முனையைத் தன் விரலில் சுற்றிக்கொண்டு மறுமுனையை என்னிடம் நீட்டினார். நூலைத் தொட்டவுடனே எத்தனாம் நம்பர் என்று சொல்கிறவன் நான். அன்றைக்கு அது தோன்றவே இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். களி வெண்ணெய் போல் பிளந்தது. முதல் துண்டை என் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"சி."

"என்னங்க சொன்னாரு?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள்.

"பேசி முடிச்சாச்சு. கை நனை" என்றேன்.

நான் எத்தனை துண்டு சாப்பிட்டேன் என்று எழுதினால் கண்பட்டுவிடும்.

நான் என்ன சொல்லிச் சம்மதம் வாங்கினேன் என்பதை மகன் பிறகுதான் அவன் அம்மாவுக்கு விளக்கினான். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இதையத்தானுங்க நான் தமிழ்ல நெம்ப நாளாச் சொல்லிக்கிட்டிருந்தேன். அப்பவே கேட்டிருந்தா பிளேன் டிக்கெட்டு மிச்சமாயிருக்கும்" என்றாள். சில பேருக்கு எந்த பாஷையிலும் பதில் சொல்ல முடியாது.

ஊருக்குத் திரும்பி பேக்கரிக்குப் போனேன். எனக்கு முன்னால் செய்தி போயிருந்தது. பங்காளி ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டே, "ஏனுங்க, பொண்ணு கேக்கப் போயி பையனக் குடுத்துப்போட்டு வந்துட்டீங்களாமா?" என்றார். சுற்றி நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஆமாங்க. இத்தாலியில மலையோரமா மாடும் கன்னுமா ஒரு சொந்த ஊடு யாருக்குங்க அமையும்? எனக்கு அமைஞ்சிருச்சு. நீங்களும் வாங்க, களி போடச் சொல்றேன்" என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தவர் யாரும் இல்லை. குடோனை இப்போது என் மூத்த மகள் பார்க்கிறாள். கணக்காகவே பார்க்கிறாள்.

கல்யாணம் எங்கள் முறைப்படி கருமத்தம்பட்டியில் நடந்தது. சம்பந்திக்கு வேட்டி கட்டிவிட்டு, இடுப்பில் பெல்ட்டும் போட்டுவிட்டோம். பந்தியில் சொந்தபந்தம் சூழ என் பக்கத்தில் உட்கார்ந்தார். இலை போட்டார்கள், சோறு போட்டார்கள், பருப்பும் நெய்யும் ஊற்றினார்கள். மனிதர் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். பரிமாறுகிறவர்கள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்கள். பந்தியே சாப்பிடாமல் நின்றுவிட்டது. காரம் பயமா, கையால் சாப்பிடத் தெரியவில்லையா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். என் மகன் மட்டும் தூரத்தில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். அவன்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

சம்பந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, பந்தி முழுக்கக் கேட்கும்படி, எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோலத் தமிழில் பேசினார்.

"வருஷா வருஷம் எங்க ஊட்டுக்கு வரோணுங்க. மொதல்ல சரிங்க. அப்பறம் சாப்பாடுங்க."

அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். என் அறுபத்தைந்து வயசில் எத்தனையோ விதமாகப் பேரம் பேசியிருக்கிறேன். சோற்று இலைக்கு முன்னால் உட்கார்ந்து இப்படி என்னை மடக்கியவர் யாரும் இல்லை.

"சிங்க" என்றேன்.

அவர் இலை ஓரத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, கை நனைத்தார்.